கோபுரத்தடியில் உன் பெயர்

ஆல்ட்கோட்
4 பிப்ரவரி 2024

கர்த்தருக்குள் அன்பான தம்பி டெனிஸுக்கு,

உன் அண்ணி பெரில் எழுதுவது. உன் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று உன் மகள் ஃபியோனா எழுதியிருந்தாள். நியூசிலாந்தில் இப்போது நல்ல வெயிலாம். இங்கே மழை விட்டபாடில்லை. உன் அண்ணன் கிளிஃபர்டுக்கு இந்த எண்பத்திரண்டு வயதிலும் பசிக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லை. அதைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. போனில் பேசலாமென்றால் மனுஷர் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

நம் சர்ச் கோபுரத்திலிருந்து கல் விழ ஆரம்பித்துவிட்டது. நவம்பரில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, ரொட்டி அளவுத் துண்டு ஒன்று ராய் டாப்பிங்கின் காலடியில் வந்து விழுந்தது. அன்றிலிருந்து வேலி போட்டு வைத்திருக்கிறார்கள், மணியும் அடிப்பதில்லை. பழைய ஆலயங்களைப் பழுதுபார்ப்பதற்கென்றே படித்த மிஸ் பென்ரோஸ் என்ற பெண் வந்து ஏணியில் ஏறிப் பார்த்தாள். கல் எல்லாம் கரைந்து உள்ளே போய், இடையில் பூசிய சிமெண்ட் மட்டும் சீப்புப் பல் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறதாம். எழுநூறு வருஷம் சுண்ணாம்புச் சாந்தில் நின்ற சுவர். உள்ளே போன ஈரம் சிமெண்டைத் தாண்டி வெளியே வர முடியாமல் கல்லைத் தின்றுவிட்டது என்றாள். ஐம்பது வருஷத்துக்கு முன் நீ சொன்னதும் இதுதானே.

போன செவ்வாய்க்கிழமை சபைக் கூட்டம். கோபுரத்தடியில் பதித்த கல்லில் “டெனிஸ் ஹார்ஜெஸ்ட் கையால் செப்பனிடப்பட்டது, 1974” என்று இருக்கிறதல்லவா? அப்போது சபை நிர்வாகியாக இருந்த உன் அண்ணன், தன் பெயர் வேண்டாம், வேலை செய்த தம்பியின் பெயரே போதும் என்று ஊர் மெச்ச வைத்த கல். மிஸ் பென்ரோஸ், “யாருங்க இந்த டெனிஸ்?” என்று கேட்டாள். ராய் டாப்பிங் விடுவானா? “பீர் குடிக்கிற கையால சிமெண்ட் கலக்கினா இப்படித்தான் ஆகும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், பாதிரியாரம்மா உட்பட. உன் அண்ணன் தொண்டையைச் செருமினார். உண்மையைச் சொல்லப்போகிறார் என்று நம்பிய நான் ஒரு பைத்தியக்காரி. “என் தம்பிக்கு எப்பவுமே எல்லாத்துலயும் அவசரம், என்ன பண்றது” என்றார்.

அவசரம் யாருக்கு? பிஷப் வருவதற்குள் சாரத்தைப் பிரித்தாக வேண்டும், சுண்ணாம்பு இறுகும் வரை காத்திருக்க முடியாது என்று குதித்தவர் யார்? சிமெண்ட் வைத்தால் கல் போய்விடும் என்று நீ எழுதிக் கொடுத்தாய். அதே தாளின் கீழே “சிமெண்டே வை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர். ஊரை விட்டுப் போகும் முன், “அண்ணி, இதைப் பத்திரமா வச்சுக்குங்க” என்று என் கையில் தந்தாயே, அந்தத் தாள்.

கூட்டத்தில் அது என் கைப்பையில் இருந்தது, தம்பி. பையைத் திறந்தேன். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு மூடிவிட்டேன். ஐம்பத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்தவரை ஊர் முன்னால் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக உன்னைத் தலைகுனிய வைத்தேன். அவரை மட்டும் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

ஈஸ்டர் முடிந்ததும் சாரம் கட்டுகிறார்கள். முதல் வேலையாக உன் பெயர்க் கல்லைப் பெயர்த்துவிடுவது என்று தீர்மானம். ஃபியோனாவோ மே மாதம் வருகிறாளாம். அப்பா பெயருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அவளுக்கு நான் என்ன பதில் எழுதுவது?

நேற்று உன் அண்ணன் மேஜை இழுப்பறைகளையெல்லாம் கவிழ்த்துக்கொண்டிருந்தார். “டெனிஸோட பழைய காகிதம் ஏதாச்சும் வச்சிருக்கியா, பெரில்?” என்று கேட்டார். கணப்பில் நெருப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. இல்லை என்றேன்.

அதனால்தான் அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி இந்த வீட்டில் அதற்குப் பாதுகாப்பு இல்லை. ஃபியோனாவிடம் கொடு. மே வரை காத்திருக்க வேண்டாம், கல்லைப் பெயர்க்கும் முன்பே, குருத்தோலை ஞாயிறுக்கே வரச் சொல். ஆராதனை முடிந்ததும் சபை முன்னால் அவள் இதை வாசிக்கட்டும். முதல் வரிசையில் உன் அண்ணன் இருப்பார், பக்கத்தில் நான் இருப்பேன். இது கிளிஃபர்டின் கையெழுத்துதானா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதற்கு மட்டும் நான் எழுந்து நின்று ஆமாம் என்று சொல்ல வேண்டும். அந்த அளவுக்காவது கர்த்தர் எனக்குத் தைரியம் தரும்படி நீ ஜெபம் செய்.

உன் காலுக்கும் உன் வீட்டாருக்கும் சுகம் உண்டாகட்டும்.

உன் அண்ணி,
பெரில்