அப்பா அழுத இசைத்தட்டு

பேக்கர்ஸ்ஃபீல்டு, திங்கள்

அன்புள்ள அம்மா,

இங்கே நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகவே இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? டெக்சஸில் புழுதிக்காற்று ஓய்ந்ததா?

பாரில் என்னை இரண்டு நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றிருக்கிறார்கள். பயப்படாதே, சிரிக்கிற சமாசாரம்தான். அப்பா இருந்தவரை குடித்துவிட்டுப் போட்டு அழுவாரே, அதே இசைத்தட்டைத்தான் இங்கே முதலாளியும் சுழலவிடுகிறார். வெள்ளிக்கிழமை, எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்யும் வெர்லின் அதைக் கேட்டுத் தேம்பிக்கொண்டிருந்தான். அவன் மனைவி கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள்.

"வீட்டுக்கு வாய்யா, பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது."

"இரு புள்ள, இந்தப் பக்கம் முடியட்டும். கிடார் அழுவுற இடம் இதுதான்."

நான் போய் இசைத்தட்டிலிருந்து ஊசியைத் தூக்கிவிட்டேன். பாரே என் மேல் பாய்ந்தது. "உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாடி?" என்று கத்தினார்கள். முதலாளி ஊசியைத் திரும்ப வைத்தார். அவள் தனியாகத்தான் போனாள்.

அந்தப் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று சின்ன வயதில் உன்னைக் கேட்பேன். இப்போது தெரிகிறது. அதில் வருகிறவள் எப்போதும் விட்டுப்போனவள், அம்மா. அவளுக்காக அழுதால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம். சாப்பாட்டை மூடிவைத்துக் காத்திருக்கிறவளுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

என் கம்பளிச் சட்டையை அனுப்பு. அந்த இசைத்தட்டையும் துணியில் சுற்றி அதோடு வை. அறையில் பேச்சுத்துணைக்கு யாருமில்லை. தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். அப்பாவின் குரல் என்று எனக்கு ஞாபகம் இருப்பதே அந்த இசைத்தட்டோடு சேர்ந்து அவர் பாடியது மட்டும்தான்.

உன் மகள்,
லோரீன்