தொப்பி இடது கையில்

ஹாலிவுட்,
மார்ச், 1937

என் ஹோரசுக்கு,

'அன்புள்ள' என்று போடலாமா வேண்டாமா என்பதைக் கடிதம் முடியும்போது சொல்கிறேன். நான் நலம். நீயும் மிக நலமாகத்தான் இருப்பாய். அதுதான் என் சந்தேகமே.

இங்கே படப்பிடிப்பு பாதி முடிந்துவிட்டது. படத்தில், பிரிந்துபோன புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஓட்டலில் ஒரே அறையைத் தவறுதலாகக் கொடுத்துவிடுகிறார்கள். கட்டிலுக்கடியில் ஓர் ஆடு வேறு. அவன் எவளையோ ஒளித்து வைத்திருக்கிறான் என்று அவள் அலமாரியைத் திறந்து திறந்து மூடுகிறாள். சத்தம் பதிவாகிவிடுமே என்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். ஒருவன் கதவுக்கு வெளியே நிற்பதை ஒரு நாளும், உள்ளே வருவதை இன்னொரு நாளும் எடுப்பார்கள். இரண்டும் ஒத்துப்போக, கோப்பை எந்தக் கையில் இருந்தது, எந்தப் பொத்தான் திறந்திருந்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான். என்னிடம் போய் ஒளிக்கலாம் என்று நினைத்தாயே, உன்னை என்ன சொல்ல!

பக்கம் பக்கமாகக் கிறுக்கித் தள்ளுகிற ஆள், கிறிஸ்துமசுக்குப் பிறகு டைப் அடித்து அனுப்புகிறாய். மர ஆலை அலுவலகத்தில் மெஷின் சும்மா கிடக்கிறதாம். கையெழுத்துக்கூட இல்லை, பெயரும் டைப்தான். உடை தைக்கிற பியூலாவிடம் காட்டினேன். "அடி போடி, மரம் அறுக்கிறவன் எங்கடி இவ்வளவு சுத்தமா அடிப்பான்? இவன் வாயால சொல்றான், எவளோ ஒருத்தி அடிக்கிறா. பக்கத்துல ஒட்டி உக்காந்துதான் சொல்லுவான்" என்றாள்.

அப்புறம் நீ அனுப்பிய புகைப்படம். படத்தொகுப்பு அறையிலிருந்து பூதக்கண்ணாடி வாங்கி வந்து பார்த்தேன். சட்டையின் இரண்டாவது பொத்தான் புதிது. நீ தைத்தால் நூல் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போகும். பொத்தான் தைக்க என்னைக்கூட விடமாட்டாய். இதில் நூல் இரண்டு கோடாக நேரே போகிறது. பொம்பளைத் தையல், ஹோரஸ். நீ சத்தியம் செய்தாலும் நம்பமாட்டேன்.

ஈஸ்டருக்கு வருவேன் என்றாய், இப்போது வேலை அதிகம் என்கிறாய். சரி, நான் ஆரிகனுக்கு வருகிறேன் என்றால், "இப்போ வேண்டாம் வெல்மா, இங்க ஒரே சேறு" என்கிறாய். சேற்றுக்குப் பயந்தவளா நான்? அவள் பெயரை மட்டும் சொல்லிவிடு. என் வழியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதுவரை எழுதி, மடித்து உறையில் போட்டு வைத்திருந்தேன். தபாலில் சேர்க்க மனம் வரவில்லை. இன்று காலை நடந்ததைக் கேள்.

கதாநாயகன் லயனல் காப்பிக் கெண்டியைத் தட்டிவிட்டு வலது கையைச் சுட்டுக்கொண்டார். பெரிய வெள்ளைக் கட்டு. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது பளீரென்று தெரியும். இயக்குநர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஒரு தொப்பியக் குடுங்கய்யா. அந்தக் கைக்கு முன்னால பிடிச்சுக்கட்டும், மரியாதைக்காரன்னு நெனச்சுக்குவாங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "வெல்மா, குறிச்சுக்க. தொப்பி இடது கையில, வலது கைய மறைச்சு" என்றார்.

குறித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். பையிலிருந்து உன் புகைப்படத்தை எடுத்தேன். நீயும் இடது கையில் தொப்பி பிடித்திருக்கிறாய், வலது கையை மறைத்து. தொப்பியே போடாத ஆள் நீ. பொத்தானையே முறைத்துக்கொண்டிருந்த இந்தக் கண்ணுக்கு அது தெரியவில்லையே!

ஹோரஸ், ஆலை ரம்பத்தில் கையைக் கொடுத்துவிட்டாயா? எழுத முடியாமல்தான் டைப் அடிக்கச் சொன்னாயா? பொத்தான் தைக்க முடியாமல்தான் யாரிடமோ கொடுத்தாயா? அழுகை அழுகையாக வருகிறது, உன்னை நாலு அறை அறையலாம் போலவும் இருக்கிறது. அடப்பாவி, இதற்கு நீ இன்னொருத்தியையே வைத்திருக்கலாம்!

எத்தனை விரல் மிச்சம் என்று கேட்கமாட்டேன். வந்து நானே பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன். இடது கையால், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, 'வா' என்று மட்டும் எழுதிப் போடு. டைப் அடித்து வந்தால் பிரிக்கவே மாட்டேன்.

மேலே விட்டுப்போனதை இங்கே போட்டுக்கொள்: அன்புள்ள ஹோரஸ்.

உன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தவள் யாரோ, அவள் மகராசியாக இருக்கட்டும்.

உன்,
வெல்மா