தமாலே வேகவில்லை

சொலூலா, மெக்சிகோ,
ஜனவரி 25

அன்புள்ள அம்பாரோ,

இங்கு எல்லோரும் சுகம் என்று தொடங்க நினைத்தேன். வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்பதால் அந்த வாக்கியம் சரிப்படவில்லை.

மகள் யரேலிக்கு எப்போது போன் செய்தாலும் "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்கிறாள். சிகாகோவில் ஏரியே உறைந்து கிடப்பதாகச் செய்தியில் காட்டினார்கள். அந்தக் குளிரில் இத்தனை குளியல் உடம்புக்கு ஆகாது. உன் மோலே குழம்புக்கு அந்தத் தெருவில் வரிசை நிற்கிறதாம், கடைக்கு இடம் பார்க்கிறீர்களாம். சந்தோஷம். எவ்வளவு பெரிய கடை என்று யரேலி சொல்லவில்லை. சிறியதென்றால் மூடுவது சுலபம் என்பதால் கேட்கிறேன்.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்குத் தொமித்திலா வீட்டில் வட்ட ரொட்டி வெட்டினார்கள். உள்ளே ஒளித்து வைத்த குழந்தை பொம்மை என் துண்டில் வந்து தொலைத்தது. விழுங்கிவிடலாமா என்று யோசிப்பதற்குள், "வாத்தியாரே, வாயைத் திறங்க" என்றாள். மகளின் ஞானத்தாய்க்கு நம் வீட்டில் இல்லாத உரிமையா? பொம்மை கிடைத்தவன்தானே விருந்து போட வேண்டும்; ஆக, பிப்ரவரி 2 மெழுகுவத்தித் திருநாளுக்குத் தெரு முழுவதற்கும் தமாலே என் பொறுப்பு.

நேற்று ஒத்திகை பார்த்தோம். தொமித்திலா சோள மாவில் பன்றிக் கொழுப்பைப் போட்டு அடித்தாள். சோளம் நம்முடையது, பன்றி ஸ்பானியர்களோடு கப்பலில் வந்தது என்றேன். "கிண்டுறவங்களுக்கு இடைஞ்சலா நிக்காதீங்க" என்றாள். சோள மடலில் சுற்றி மத்தியானம் முழுவதும் ஆவியில் வைத்தோம். திறந்தால் பச்சை மாவு.

"இந்த வீட்ல யாரோ கோபமா இருக்காங்க. கோபம் இருந்தா தமாலே வேகாது" என்றாள்.

வீட்டில் நானும் அடுப்பும்தான் என்றேன்.

"அடுப்பு நல்லாத்தான் இருக்கு."

பானையின் பிடிகளில் சோள மடலைக் காதுபோல் கட்டிவிட்டு, கோபம் போக அதன் முன் ஆடச் சொன்னாள். ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியன் ஆடினேன். பக்கத்து வீட்டார் மதிலேறிப் பார்த்தார்கள். அப்போதும் வேகவில்லை. "அப்போ கோபம் சிகாகோவுல இருக்கு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

கிறிஸ்துமஸ் விருந்தில் என்ன நடந்தது என்று விசாரித்தாள். நடந்ததைச் சொன்னேன். உன் மோலேயில் எள் அரபியர்கள் ஸ்பெயினுக்குக் கொடுத்தது, பட்டையும் கிராம்பும் மிளகும் மணிலாக் கப்பலில் அக்காபுல்கோவுக்கு வந்தவை, மிளகாயும் கொக்கோவும் மட்டும் நம் முன்னோருடையவை என்று விருந்தாளிகளுக்கு விளக்கினேன். நீ, "அப்போ இதுல என்னோடது என்ன?" என்றாய். "கலக்கினது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சரித்திரப்படி இதில் பிழை இல்லை என்று தொமித்திலாவிடமும் சொன்னேன்.

"ஒரு பிழையும் இல்ல வாத்தியாரே. அதான் தனியா உக்காந்து சாப்பிடுறீங்க" என்றாள்.

இன்று காலை நானே மோலே செய்து பார்த்தேன். மிளகாய் கருகி, தெருவே இருமியது. எள், பட்டை, கிராம்பு, கொக்கோ என்று பாதி உலகம் மேசைமேல் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்கினேன். குழம்பு வரவில்லை. என்ன விட்டுப்போனது என்று புத்தகங்களில் தேடினேன். அவற்றிலும் இல்லை.

உன் திரும்பும் டிக்கெட்டின் தேதியை மாற்றலாமா என்று யரேலி விசாரிக்கிறாளாம். மாற்ற வேண்டாம். கோபம் தீர்ந்த பிறகுதான் வரவேண்டும் என்றில்லை, அம்பாரோ. கோபத்தோடே வா. தமாலே வேகாவிட்டால் போகிறது, தெருவுக்குக் கடையில் வாங்கிப் போடுகிறேன்.

வழியில் குளிர் உன்னைத் தொடாமல் மாதா காக்கட்டும்.

உன்
ஃபிதென்சியோ