ஜாம் பெட்டியைத் திறக்காதே

ஸ்டான்லி துறைமுகம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் தோராவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நான் அனுப்பிய மரப்பெட்டி வந்திருந்தால், தொடாதே. பிறகு மற்றதைப் படி.

உள்ளே டிடில்டீப் பழ ஜாம், ஆறு பாட்டில். கடல் ஆட்டத்தில் உடையாமலிருக்க, பண்ணை வீடுகளுக்கு அனுப்பும் வழக்கப்படியே ஈரப் பாசியைத் திணித்தேன். உன் ஆராய்ச்சித் தளத்துக்கு வெளி மண் வரவே கூடாது என்று நீ எழுதியது நினைவிருந்தது. பாசி மண்ணல்லவே என்று எண்ணிவிட்டேன். நேற்று, மீந்த பாசியை வெள்ளைத் தட்டில் உதறினேன். மிளகுப்பொடி போல ஏதோ விழுந்தது. விரலை நீட்டினேன், மிளகுப்பொடி துள்ளியது.

துறைமுகத்தில் பெட்டிகளைச் சோதிப்பவன் என்னிடம் எழுத்துப் படித்த ரெஜி. "டீச்சர் கட்டுன பெட்டிய நான் பிரிக்கிறதா? போங்க டீச்சர், வீட்ல டீ ஆறிடும்" என்று முத்திரை குத்திவிட்டான். நானும் பெருமையோடு வந்துவிட்டேன். இன்று போய்ச் சொன்னபோது அவன் முகம் வெளுத்துவிட்டது.

நீ ஆராயும் பள்ளத்தாக்கின் துள்ளுப்பூச்சி இப்போது உலகில் வேறெங்கும் இல்லை என்றாய். அடுத்த பள்ளத்தாக்கில் வெளியூர்ப் பூச்சி நுழைந்த மூன்றாம் வருடம் அங்கிருந்தவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றாய். மெதுவாகச் சாப்பிடும் பிள்ளைகள் நடுவில், மணியடிக்கும் முன்பே எல்லார் டப்பாவையும் காலி செய்கிற ஒருவனை உட்காரவைத்தது போல. அவன் யாரையும் அடிக்கவே வேண்டியதில்லை. அவனை அனுப்பியது நான்.

ரேடியோவில் கூப்பிட்டேன். காற்றில் உன் தளமும் கிடைக்கவில்லை, பெட்டி போன சரக்குக் கப்பலும் கிடைக்கவில்லை. ஊரில் ரேடியோ வைத்திருப்பவர்கள் மட்டும் முழுதாகக் கேட்டார்கள். "ஏன் டீச்சர், பூச்சிக்கும் ஜாம் குடுத்து அனுப்புனீங்களாமே?" என்று வேலிக்கு மேல் சிரிக்கிறாள் பக்கத்துவீட்டு வெல்மா. சிரிக்கட்டும்.

இந்தக் கடிதம் ரோந்துக் கப்பலில் வருகிறது. நான்கு நாள் பிந்திக் கிளம்பினாலும் வேகமானது, முந்திவிடும் என்கிறார்கள். உறுதியாக ஒருவரும் சொல்லவில்லை.

பெட்டியைக் கரையில் இறக்க விடாதே. கப்பலிலேயே எரிக்கச் சொல். ஜாமும் போகட்டும். பொட்டலம் வந்தால் வாசலிலேயே பிரித்து உதறுகிறவள் நீ. கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது. ஒருவேளை பிரித்துவிட்டாய் என்றால் மறைக்காதே. யார் அனுப்பியது என்று கேட்டால் என் பெயரைச் சொல்.

காற்று அந்தக் கப்பலை நிறுத்தட்டும், இந்தக் கப்பலைத் தள்ளட்டும். இரண்டுக்கும் ஒரே காற்றுதான், தெரியும். இருந்தாலும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
மியூரியல்