ஜூலிக்கு மூளை வளர்ந்துவிட்டதாம், நைனா

என்னை மட்டுமே பெற்ற என் நைனாவுக்கு,

முதலில் தெருச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் ஜூலிக்கு மூளை வளர்ந்துவிட்டதாம். மண்டை ஓடு அதே அளவில் நின்றுவிட, உள்ளே மூளை மட்டும் வளர்ந்துகொண்டே போய், இடம் போதாமல் பைத்தியம் பிடித்துவிட்டதாம். டாபர்மேன் என்றாலே அப்படித்தானாம். வளர்த்தவனையே ஒருநாள் குதறிவிடுமாம். வளர்த்த நீ இல்லாததால், உன்கூட இரும்பு மில்லில் வேலை பார்த்த எதிர்வீட்டு முரளி அண்ணன் மாட்டிக்கொண்டாராம்.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். குட்டியைக் கொண்டுவந்த புதிதில் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா இதே கதையைச் சொல்லிப் பயமுறுத்தியபோது, “மூள வளந்தா நல்லதுதானம்மா, நம்ம தெருவுல இன்னும் ரெண்டு பேருக்கு வளரட்டும்” என்று சொன்ன ஆள் நீ. அதற்கப்புறம் அக்கா கொஞ்ச நாள் நம் வாசல் பக்கமே வரவில்லை.

ஜூலிக்கு வக்காலத்து வாங்க இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. எனக்கு அவளைப் பிடிக்காது. உனக்கே தெரியும். என்னைக் கடம்பத்தூருக்குக் கட்டிக்கொடுத்த மறுமாதமே அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாய். வீடு வெறிச்சென்று இருக்கிறது என்றாயாம் அம்மாவிடம். வீடு வெறிச்சென்று இருந்தால் பெண்ணைப் போய்ப் பார்ப்பார்களா, நாய் வாங்குவார்களா?

இரண்டு ரயில் மாறி நான் கும்மிடிப்பூண்டியில் வந்து இறங்கினால், ஸ்டேஷன் வாசலில் உன் வண்டி நிற்கும். அதில் எனக்கு முன்னாலேயே அவள் ஏறி உட்கார்ந்திருப்பாள். சின்ன வயதில் நான் உட்கார்ந்து வந்த அதே பெட்ரோல் டேங்க் மேல் முன்னங்கால் இரண்டையும் வைத்துக்கொண்டு, யார் இந்தப் பொம்பளை என்பதுபோல் என்னைப் பார்ப்பாள். எனக்கென்றே வைத்திருந்த ‘அம்மாடி’யையும் அவளுக்குக் கொடுத்துவிட்டாய். நீ வாசலிலிருந்து கூப்பிட்டால் இரண்டு பேருமே எழுந்து ஓடி வருவோம். எப்போதும் அவள்தான் முந்துவாள்.

காது தொங்குகிறது, வால் நீளமாக இருக்கிறது, இது ஒரிஜினல் டாபர்மேனே இல்லை, நல்லா ஏமாந்துட்டே என்று டீக்கடையில் உன்னைக் கேலி செய்தார்களே, நினைவிருக்கிறதா? எல்லா டாபர்மேனும் பிறக்கும்போது அப்படித்தான் இருக்கும், மனுஷன்தான் காதையும் வாலையும் வெட்டி அந்த முறைப்பை வரவழைக்கிறான், என் பொண்ணுக்கு நான் வெட்டமாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டு வந்தாய். போனில் எனக்கு அதை ஒன்று விடாமல் சொன்னாய். என் பொண்ணு, என் பொண்ணு என்று எத்தனை முறை! அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், நைனா. என் குரல் கம்மிப்போயிருந்ததை நீ கவனிக்கவே இல்லை.

நீ போன பிறகாவது விட்டாளா? துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் அவளைப் பற்றித்தான் பேசினார்கள். பாவம், வாசலிலேயே கிடக்கிறது பார், வாயில்லா ஜீவன், எப்படி ஏங்குகிறது பார் என்று. வாயுள்ள ஜீவன் நான் அம்மாவின் பக்கத்தில் தலைவிரித்து உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை பேசிவிட்டு மறுபடியும் நாய்க்கே போய்விடுவார்கள்.

டாபர்மேனுக்கு ஒரே எஜமான்தான், அவன் போய்விட்டால் சோறு தண்ணி தொடாமல் அதுவும் போய்ச் சேர்ந்துவிடும் என்று வேறு சொன்னார்கள். சொல்லிவிட்டுக் காத்தும் இருந்தார்கள். நானும் காத்திருந்தேன். ஆனால் கொஞ்ச நாளில் அம்மா பிசைந்து வைத்த தயிர்சோற்றை ஒரு பருக்கை விடாமல் நக்கிவிட்டு, அம்மாவின் காலடியிலேயே படுத்துக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இவ்வளவுதானா உன் துக்கம் என்று அவளைக் கேட்கத் தோன்றியது. உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. உனக்காக அழுவதிலாவது நான் அவளை முந்திவிட்டேன் அல்லவா?

இப்போது நடந்ததைக் கேள்.

கருமாதி முடிந்ததும் உன் துணிமணிகளை அம்மா ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தாள். கம்பெனியில் உனக்குக் கொடுத்த நீல ஜாக்கெட் முரளி அண்ணனுக்குப் போனது. மற்றதையெல்லாம் துவைத்து மடித்துக் கொடுத்தவள், ஜாக்கெட்டை மட்டும் அப்படியே கொடுத்துவிட்டாள். தண்ணீரில் போட மனசு வரவில்லையாம். அவரும் அதைப் பையோடு பரணில் போட்டுவிட்டார். இந்த மார்கழிக் குளிருக்குத்தான் முதல் தடவையாக எடுத்து மாட்டிக்கொண்டு, காலை ஷிப்டுக்குக் கிளம்பியிருக்கிறார்.

நான் அப்போது அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்தால், கம்பெனி பஸ் நிற்கும் முனையை நோக்கி நீ போய்க்கொண்டிருக்கிறாய். அதே தோள். அதே கிரீஸ் கறை. முரளி அண்ணன்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை வைத்தேன். வேறென்ன செய்வேன்? அடுத்த நிமிடம் தெருவில் கூச்சல். ஜூலி கேட்டைத் தாண்டிக் குதித்து ஓடிப்போய், அவரைக் கீழே தள்ளி மேலே ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

கம்பு எடுத்து வந்து விரட்டினார்கள். முரளி அண்ணன் யாரிடமும் எதுவும் சொல்லாமல் எழுந்து பஸ் ஏறிப் போய்விட்டார். அதற்குள் தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. மூளை வளர்ந்துவிட்டது, இனி இதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, அடுத்தது உன்னைத்தான் கடிக்கும் என்று அம்மாவின் மனசைக் கலைத்துவிட்டார்கள். சரோஜா அக்கா வீட்டுக்காரர் சாயந்திரம் லாரியோடு வந்துவிட்டார். எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஆந்திரா பக்கம் இறக்கிவிட்டால் திரும்பி வராதாம்.

அம்மா என்னைப் பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் புரியலம்மா. நீ இன்னா சொல்றியோ அதான்.”

ஏற்றிக்கொண்டு போங்கள் என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன், நைனா. ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் நீ எனக்கு மட்டும் என்று ஆகிவிடும் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து முரளி அண்ணன் ஷிப்டு முடிந்து வந்தார். ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார். எங்கே கடித்தது, காட்டு என்று எல்லோரும் அவரைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை.

“கடிக்கல. கீய தள்ளிட்டு காலரயே மோந்து பாத்துக்குனு இருந்துச்சு. அப்பறம் என் மூஞ்சப் பாத்துச்சு. பாத்துட்டு அயுதுச்சு. நாய் அயுது நான் பாத்ததில்ல. என்னால அங்க பேச முடியல, அதான் பஸ் ஏறிட்டேன்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொறாமைதான், வேறென்ன பேர் சொல்வது? அந்த ஜாக்கெட்டை முதலில் பார்த்தவள் நான். நாலு எட்டில் தொட்டிருக்கலாம். ஊர் என்ன நினைக்கும், எதிர்வீட்டு ஆம்பளை ஆயிற்றே என்றெல்லாம் எனக்குக் கணக்கு இருந்தது. அவளுக்கு எந்தக் கணக்கும் இல்லை. நீ என்று நினைத்தாள், ஓடிக் கட்டிக்கொண்டாள், நீ இல்லை என்று தெரிந்ததும் நடுத்தெருவில் அழுதாள். நான் செய்ய ஆசைப்பட்டதையெல்லாம் அவள் செய்துவிட்டாள்.

“நாய எங்கியும் ஏத்த வாணாம். அந்த ஜாக்கெட்ட மட்டும் எனக்குக் குடுங்கண்ணா” என்றேன். அவருக்கு வேறு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டேன், கவலைப்படாதே.

ஜாக்கெட்டை உன் கட்டிலில் விரித்ததும் ஜூலி அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டாள். நானும் போய்க் கீழே உட்கார்ந்து, தொங்கிய கைப்பகுதியில் முகத்தை வைத்தேன். பீடியும் இரும்புத்தூளும் உன் வேர்வையும் அப்படியே இருந்தன. அவள் என்னைப் பார்த்து உறுமினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கண்ணில் இருந்தது கோபமில்லை, நைனா. இத்தனை வருஷமாக நான் அவளைப் பார்த்த பார்வை. நான் கையை விடவில்லை, அவளும் நகரவில்லை. அப்படியே இரண்டு பேரும் அழுதோம்.

எங்கள் இரண்டு பேரில் யாரை உனக்கு அதிகம் பிடிக்கும் என்று இன்னும் கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் நீ சொல்லமாட்டாய்.

அவளை எவனும் லாரியில் ஏற்ற விடமாட்டேன், ஜாக்கெட்டைத் துவைக்கவும் விடமாட்டேன். இது சத்தியம். ஆனால் அவள்மேல் பொறாமைப்படுவதை மட்டும் நிறுத்தச் சொல்லாதே. கூடப் பிறந்தவர்களுக்குள் அது இருக்கத்தான் செய்யும்.

இப்படிக்கு,
உன் மூத்த மகள்
செல்வி