இன்டர்வியூவில் நான் சொன்ன பதில்

அன்பு மகள் ஆஷிகாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நாகப்பட்டினத்தில் நானும் வாப்பாவும் நலம், மயிலாடுதுறை ஹாஸ்டலில் தம்பி ஃபாஜிலும் நலம், மஸ்கட் வெயிலில் நீ நலமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய், போன் என்றால் நீ நடுவில் நடுவில் கேள்வி கேட்பாய், எனக்கும் அழுகை வந்துவிடும், அதனால் எழுதி, கடிதத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம், நம் பக்கத்து வாய்க்காலுக்கு இன்னும் வந்தபாடில்லை, கிணற்றுத் தண்ணீர்தான் ஓடுகிறது.

புதன்கிழமை டீச்சர் வேலை இன்டர்வியூவுக்குப் போய் வந்தேன். நீ சொன்ன மாதிரியே சர்டிபிகேட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, பத்து மணிக்கு வரச் சொன்ன பள்ளிக்கூடத்துக்கு ஒன்பதரைக்கே போய்விட்டோம். வாப்பா உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் பைக்கிலேயே உட்கார்ந்துகொண்டார். இன்டர்வியூவுக்கு வந்திருந்த மற்ற நாலு பேரும் உன் வயதுப் பெண்கள், ஒருத்தி என்னைப் பார்த்து எந்தப் பிள்ளையின் அம்மா நீங்கள் என்று கேட்டாள். எழுந்து வந்துவிடலாமா என்றுகூட இருந்தது. உள்ளே தாளாளர் வளவன் சாரும் தலைமையாசிரியை அனுராதா மேடமும் இருந்தார்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும், நீ மூன்று வாரமாகப் போனில் படித்துப் படித்துச் சொன்னபடி வாப்பாவையும் கடையையும் விட்டுவிட்டு என்னைப் பற்றியே சொன்னேன். எல்.கே.ஜி. பிள்ளை அழுகையை நிறுத்தாவிட்டால் என்ன செய்வீர்கள் என்றார்கள், நிறுத்தச் சொல்ல மாட்டேன், முந்தானையைப் பிடித்துக்கொள்ளக் கொடுத்து அப்படியே பாடம் நடத்துவேன் என்றேன். மேடம் சிரித்தார்.

அடுத்துத்தான் அந்தக் கேள்வி வந்தது. இரண்டாயிரத்து ஐந்து ஜனவரியில் ஏன் வேலையை விட்டீர்கள்? குடும்பச் சூழ்நிலை என்று நீ எழுதித் தந்த பதிலைத்தான் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஆஷிகா, உன்னிடம் சொல்லாததை அவர்களிடம் சொல்லிவிட்டேன், இப்போது உனக்கும் சொல்கிறேன். கடற்கரைப் பக்கத்துப் பாலர் பள்ளியில் என் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். அரையாண்டு லீவில் சுனாமி வந்தது. மறுபடி திறந்த அன்று இருபத்திரண்டு பேர் வந்தார்கள். ரிஜிஸ்டரைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டேன், நாலாவது பெயருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ரிஜிஸ்டரை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தவள் திரும்பப் போகவில்லை. அப்போது உனக்கு இரண்டு வயது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டதாக ஊரில் சொன்னோம், என்னாலதானே உங்க வேலை போச்சு என்று நீ வருத்தப்பட்ட போதெல்லாம் மறுத்துச் சொல்லத் தைரியம் இல்லாமல் இருந்துவிட்டேன். உன்னால் இல்லை கண்ணே. உம்மாவை மன்னித்துவிடு.

அனுராதா மேடம் என் சர்டிபிகேட்டுகளை மூடி வைத்தார். அப்புறம், "இப்ப முடியுமாங்க?" என்றார். "தெரியலைங்க மேடம். ஆனா ஸ்கூல் விடுற நேரத்துல இந்தத் தெருவழியாத்தான் கடைக்குப் போறேன். சுத்து வழிதான், பிள்ளைங்க சத்தத்துக்காகப் போறேன்" என்றேன். வெளியே இருக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன், வாப்பா சர்பத் வாங்கிக் கொடுத்தார், பாதிகூடக் குடிக்கவில்லை. அதற்குள் மேடமே வாசலுக்கு வந்து, ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுகிறீர்களா என்று கூப்பிட்டு, வேண்டாமென்றாலும் பரவாயில்லை என்று சொல்லி ரிஜிஸ்டரை நீட்டினார். வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் போனேன். இருபத்தாறு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது ஆஷிகா. கடைசிப் பெயர் வரைக்கும் கூப்பிட்டேன். பிறகு நண்டு எப்படி நடக்கும் என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து காட்டினேன், பிள்ளைகளும் பின்னாலேயே நடந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள், நாற்பத்தேழு வயதில் எனக்கு மூச்சு வாங்கியது.

நேற்று சாயங்காலம் போன் வந்தது. எல்.கே.ஜி. ஆ பிரிவு எனக்கு. வாப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து எனக்கு இரண்டு காட்டன் சேலை எடுத்துக் கொடுத்தார், இரண்டும் ஒரே நிறம்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டூட்டி முடிந்து வந்ததும் வெறும் டீயோடு படுத்துவிடாதே. அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் நிம்மதியையும் தரட்டும். முக்கியமான ஒன்று, வகுப்பு நேரத்தில் போனை எடுக்கக் கூடாதாம், அதனால் திங்கட்கிழமையிலிருந்து உன் ஊர் மணி இரண்டுக்கு மேல் கூப்பிடு, அதற்கு முன்னால் கூப்பிட்டு நான் எடுக்கவில்லை என்றால் பயந்துவிடாதே, உம்மா வேலையில் இருப்பேன்.

உன் வாயால் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் காத்திருக்கும்,
உம்மா ஷம்சாத்