காலை எட்டு மணி வரை சொன்னேன்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் சுகந்தானே? இங்கே அப்பாவும் தங்கச்சியும் சுகம், எனக்கு மட்டும் சுகம் கொஞ்சம் கூடிப்போய் இரண்டு நாளாகக் கால் தரையில் பாவவில்லை. உன் அம்மாவுக்கு வேலை கிடைத்துவிட்டதடா. சிரிக்காதே, முழுவதும் படி.

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்கு மேற்பார்வைக்கு ஆள் தேவை என்று தங்கச்சிதான் விண்ணப்பம் வாங்கி வந்தாள். முன் அனுபவம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அப்பாவைக் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, நீ வீட்டுல சும்மாதானே இருந்தே, ஒரு கோடு போட்டு விடு என்றார். போட்டேன், அதுவும் கோணலாக வந்தது. நேர்காணலில் மேட்ரன் அம்மா அந்தக் கோட்டையே பார்த்துவிட்டு, இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன், வேறொன்றும் இல்லை என்றேன். சரி, ஒரு நாள் எப்படிப் போகும், விடிந்ததிலிருந்து சொல்லுங்கள் என்றார். கேட்கவா வேண்டும்! நாலு பேருக்கு ஒரே குளியலறை, யார் முன்னால் யார் பின்னால் என்று கதவுக்கு வெளியே நான் பண்ணிய பஞ்சாயத்து, நீ படுக்கையை நனைத்துவிட்டுத் தங்கச்சி மேல் பழி போட்டது, மழை நாளில் துணிகளை முறை வைத்து மின்விசிறிக்கு அடியில் காயவைத்தது, காய்ச்சலில் துவண்ட தங்கச்சியை இடுப்பில் இடுக்கிக்கொண்டே உன் காணாமல் போன ஒற்றைக் காலுறையைத் தேடியது என்று மடை திறந்த மாதிரி கொட்டினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்க கதையில இப்ப மணி என்னம்மா ஆச்சு?" என்றார். யோசித்து, எட்டு என்றேன். "காலையிலயா?" என்றார். காலையில்தான் என்றேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கோட்டுக்கு மேலேயே தன் கையால் 'இருபத்தொன்பது வருடம்' என்று எழுதினார். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார். பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன், பக்கத்துச் சீட்டுக்காரி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அப்பாவிடம் சொன்னதும் மத்தியானச் சமையல் யார் பண்ணுவது என்றுதான் முதலில் கேட்டார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, மறுநாள் அவரே அடுப்படிக்குள் போனார். மூன்று பேருக்கு வைத்த சோறு தெருவுக்கே காணும். உப்பு டப்பாவைத் தேடி எல்லாக் கதவையும் திறந்து போட்டுவிட்டு, இதையெல்லாம் தினமும் நீ ஒருத்தியாவா பண்ணினே என்று மெதுவாகக் கேட்டார், பாவம்.

கண்ணு, போன தடவை போனில் மருமகளைப் பற்றிக் கேட்டதற்கு, அவளுக்கென்ன, வீட்டுலதானே இருக்கா என்றாய். எனக்குச் சுருக்கென்றது, சொல்லவில்லை. உன்னை மட்டும் குறை சொல்ல மாட்டேன், என் கையே கோடுதானே போட்டது. வருகிற சனிக்கிழமை குட்டி சிணுங்கினால் நீ எழுந்து தூக்கு. அவள் தானாகக் கண் விழிக்கும்வரை அந்த அறைக் கதவைத் திறக்காதே.

நோய்நொடி அண்டாமல் மூன்று பேரும் நிறைவாக இருங்கள். குட்டியின் இரண்டு கன்னத்துக்கும் என் முத்தம். இனி போன் பண்ணுவதானால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பண்ணு, அதற்கு முன்னால் எனக்கு டியூட்டி.

இப்படிக்கு,
உன் அம்மா,
சலவைப் பிரிவு மேற்பார்வையாளர்